ஒரே கூடத்தில் இருந்தவர்கள்

1999இன் இறுதியில் ஐஸ்லாந்து தன் சினிமாவுக்கென ஒரு விருதைத் தொடங்கியபோது, அந்நாட்டின் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தொடவில்லை. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அங்கே ஆண்டுதோறும் படங்கள் வந்தன. அவற்றை மட்டும் வைத்துப் போட்டி நடத்த முடியாது. அதனால் தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டார்கள். நாடகத் தொடர், செய்தி நிகழ்ச்சி, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் டிவி முகம், திரைப்படம் என எல்லாவற்றுக்கும் எடா விருது என்ற ஒரே பெயரில், ஒரே இரவில், ஒரே மேடையில் பரிசு.

முதல் ஆண்டில் சிறந்த படமாகத் தேர்வானது குட்னி ஹால்டோர்ஸ்டோட்டிர் இயக்கியது. அப்பா பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. குட்னியின் அப்பா, 1955இல் இலக்கிய நோபல் பெற்ற ஹால்டோர் லாக்ஸ்னஸ். படத்தின் கதையும் அவருடையதே. அவர் காலமாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்த நிலையில், அவர் எழுத்திலிருந்து மகள் எடுத்த படம் நாட்டின் முதல் எடாவைப் பெற்றது. எந்தத் தேர்வுக்குழுவும் திட்டமிட்டு இப்படி ஒரு தொடக்கத்தை அமைத்திருக்க முடியாது.

அந்த முதல் சில ஆண்டுகளில் எடாவின் சிறந்த படம்தான் ஐஸ்லாந்தின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. எது நம் படம் என்று உள்ளூர்க்காரர்கள் முதலில் சொன்னார்கள். உலகம் பிறகு கேட்டுக்கொண்டது. ஒரு சின்ன மொழிக்கு இந்த வரிசை மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

2004இல் ஹில்மர் ஒட்ஸன் இயக்கிய 'கால்டல்யோஸ்' வென்றது. அதில் ஒரே பாத்திரத்தின் நடுவயதை இங்வர் சிகுர்ட்ஸனும் சிறுவயதை அவருடைய சொந்த மகனும் நடித்தார்கள். கலைஞர்கள் சிலரே உள்ள ஊரில் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும். தொலைக்காட்சியும் சினிமாவும் அப்படித்தான் ஒரே வீடாக இருந்தன. 2010 விழாவில் பல எடாக்களை அள்ளிய 'பியார்ன்ஃப்ரெதர்ஸன்', ஒரு பெட்ரோல் பங்கின் இரவுப் பணியைக் காட்டிப் புகழ்பெற்ற டிவி தொடரிலிருந்து வளர்ந்த படம். அதன் நாயகன் யோன் க்னர் அதே ஆண்டில் ரெய்க்யாவிக்கின் மேயரானார். வெளிநாட்டு விழாக்களில் அந்தப் படத்தின் நகைச்சுவை பாதிகூடப் புரிந்திருக்காது. அதற்கு மகுடம் சூட்ட எடாவால்தான் முடிந்தது.

மாற்றத்துக்கான விதையும் அதே 1999இல்தான் விழுந்தது. ஐஸ்லாந்தில் படமெடுப்பவர்களுக்குச் செலவில் 12 சதவீதத்தைத் திருப்பித் தரும் சட்டம் அந்த ஆண்டு வந்தது. அந்த விகிதம் படிப்படியாக ஏறி, 2022இல் பெரிய படைப்புகளுக்கு 35 சதவீதம் ஆனது. 'புரோமீதியஸ்', 'இன்டர்ஸ்டெல்லார்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று பெரிய குழுக்கள் பனியாறுகளையும் எரிமலைக் கரிமணலையும் தேடி வந்தன. அவர்களோடு வேலை செய்து உள்ளூர் கேமரா, ஒலி, கலை, ஒப்பனைக் கலைஞர்கள் தேர்ந்தார்கள். தொடக்கத்தில் எடா மேடையில் தொழில்நுட்பக் கலைஞர்களுக்குத் துறைவாரியாக விருது கிடையாது. எல்லாரும் பொதுப் பிரிவுக்குள் அடங்கினார்கள். இன்று ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, ஆடை, ஒப்பனை ஒவ்வொன்றுக்கும் தனி விருது உண்டு. நட்சத்திரங்களைவிட இவர்கள் பெற்ற இடம்தான் எனக்குப் பெரிய வளர்ச்சியாகத் தெரிகிறது.

2022இல் 12 எடாக்களை வென்ற 'டீரித்' இதற்குச் சரியான சாட்சி. ஆட்டுத் தலையும் மனித உடலுமாகப் பிறந்த குட்டியைத் தம் பிள்ளையாக வளர்க்கும் தம்பதியின் கதை அது. இயக்குநர் வால்டிமர் யோஹான்ஸன், வெளிநாட்டுப் பெரும் படங்களின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் குழுக்களில் வேலை பார்த்தவர். அந்தத் தேர்ச்சி இல்லாமல் அந்தக் குட்டியை நம்மால் நம்பியிருக்க முடியாது.

2024இல் வீடு பிரிந்தது. எடா திரைப்படத்துக்கு மட்டும் என்றானது. தொலைக்காட்சி தனி விருதுக்குப் போனது. சினிமா தன் காலில் நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் இன்னொரு 'பியார்ன்ஃப்ரெதர்ஸன்' வந்தால், அதைப் பெற்ற தொடரும் அந்தப் படமும் இனி வேறு வேறு மேடைகளில் நிற்கும்.

பிரிந்த முதல் விழாவில் சிறந்த படம், இறந்த தாயின் உடலைக் காரில் வைத்துக்கொண்டு மகன் நாட்டைக் கடந்து போகும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இயக்கியவர் இருபது ஆண்டுகளுக்கு முன் வென்ற அதே ஹில்மர் ஒட்ஸன். ஆனால் இந்த முறை, எஸ்டோனியாவின் தாலின் விழா அவருடைய படத்துக்குத் தன் பெரும்பரிசை 2022லேயே கொடுத்து முடித்திருந்தது. 2025இல் வென்ற 'ல்யோஸ்ப்ரோட்'டும் முந்தைய ஆண்டே கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2016இல் பதினொரு எடாக்கள் வாங்கிய 'ஹ்ரூடர்', கானில் பரிசு பெற்ற பிறகே வந்தது. எல்லாம் நல்ல படங்கள். தேர்விலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளியூர் பாராட்டியதையே வீட்டிலும் பாராட்டுவது பழகிப்போனால், ரெய்க்யாவிக் தியேட்டர்களில் மட்டும் ஓடி ஊரையே சிரிக்க வைக்கும் படத்துக்கும், சப்டைட்டிலில் உயிர் போய்விடும் வசனத்துக்கும் வேறு போக்கிடம் இல்லை. கானில் அவற்றுக்கு நாற்காலி போட மாட்டார்கள். எடாவில் வாக்களிப்பவர்கள்தான் போட வேண்டும்.