ஒலி அட்டையைப் பற்றிக்கொண்ட நிரல்

சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே அது தமிழக மாணவர் பலரின் இல்லங்களை அடைந்தது. லினக்ஸ் இயங்கும் கணினியொன்றில், மேடவாக்கத்தைச் சேர்ந்த பார்வையற்ற மாணவி ஒருத்தி கட்டுரை எழுதுகிறாள் என்று கொள்வோம். திரையில் உள்ளதை ஓர்கா என்னும் திரைவாசிப்பான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறது. சிந்தனைக்காகச் சற்று நிறுத்துகிறாள். மீண்டும் தட்டச்சு செய்யும்போது குரல் எழவில்லை. மற்றவர்க்கு இது பாட்டுக் கேட்க இயலாத சிறு தொல்லை. அவளுக்கோ கணினியே இல்லாமற் போயிற்று.

ஒலிபெருக்கி பழுதாகவில்லை. பெரும்பாலான ஒலி அட்டைகள் ஒரு நேரத்தில் ஒரே நிரலின் ஒலியை மட்டுமே ஏற்கும். பல நிரல்களின் ஒலியைக் கலந்து அட்டைக்கு அனுப்ப, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் போன்ற ஒலிவழங்கிகள் பின்னர் உருவாயின. அட்டையைத் திறக்கும் உரிமையை வழங்கியிடம் விட்டுவிட்டு, ஏனைய நிரல்கள் தம் ஒலியை அதனிடம் ஒப்படைக்கின்றன. ஆயின், சில நொடிகள் ஒலி ஏதும் இல்லையெனில் பல்ஸ்ஆடியோ மின்சிக்கனம் கருதி அட்டையை விடுவித்துவிடும். அவள் சிந்தித்திருந்த அந்த இடைவெளியில், வழங்கியைப் பொருட்படுத்தாத வேறொரு நிரல் அட்டையை நேரே திறந்துகொண்டது!

உடனே கணினியை மறுதொடக்கம் செய்வதே பலரின் வழக்கம். அதனால் சேமிக்காத கட்டுரை அழியும். தடுத்த நிரல் எதுவென்பதும் தெரியாமற் போகும். லினக்ஸில் ஒலி அட்டையும் ஒரு கோப்பாகவே தோன்றும் என்பதால், அக்கோப்பைத் திறந்து வைத்திருப்பவர் யாரெனக் கேட்கலாம். பியூசர் என்னும் கட்டளை, பயனரின் பெயர், செயல்முறை எண், நிரலின் பெயர் ஆகியவற்றைக் காட்டும். பிற பயனர் இயக்கும் நிரல்களையும் காண நிருவாகி உரிமை வேண்டும். பட்டியலில் ஒலிவழங்கியின் பெயர் இருந்தால் அதனை நிறுத்தலாகாது. அட்டையை வைத்திருப்பதே அதன் பணி. வேறு நிரல் இருப்பின், முதலில் அதனை முறைப்படி மூடவேண்டும். மூட மறுத்தால் கில் கட்டளையால் முடிவுக் குறிப்பு அனுப்பலாம். ஒன்பதாம் எண் குறிப்பு, நிரலுக்குத் தன் பணியைச் சேமிக்கவும் அவகாசம் தராது; ஆதலின் அது கடைசி வழியே.

இத்தனையும் செய்யத் திரையைப் படித்தாக வேண்டும். அவளுக்குப் படித்துக்காட்டும் குரல்தானே நின்றிருக்கிறது! பிரெயில் காட்டியோ அருகில் ஒருவரோ இல்லையெனில் வழியில்லை. எனவே, முன்னரே தடுப்பது நன்று. அடாசிட்டி போன்ற ஒலிப்பதிவு மென்பொருளின் சாதனப் பட்டியலில் 'எச்டபிள்யூ' என்னும் குறியுடையவை அட்டையை நேரே திறப்பவை. அவற்றை விடுத்து 'டிஃபால்ட்' அல்லது 'பல்ஸ்' என்பதைத் தேர்ந்தால், அதன் ஒலியும் ஓர்காவின் குரலும் ஒரே அட்டையில் சேர்ந்து ஒலிக்கும்.