பாத்தி நீர் ஏன் சிவக்கிறது?

சாமித்தோப்பு, புத்தளம் போன்ற உப்பளங்களில் வெயில் ஏறி, நீர் வற்றி, உப்பு விளையும் பதத்துக்கு வரும்போது பாத்தி இளஞ்சிவப்பாகத் திரும்பும். அது அழுக்கல்ல. டுனாலியெல்லா சலைனா என்ற பாசியும் ஹாலோஆர்க்கியா எனப்படும் நுண்ணுயிர்களும் பெருகியதால் வந்த நிறம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்தப் பாத்தியிலோ ஏறத்தாழ 300 கிராம். அந்தப் பாசியையும் ஹாலோஆர்க்கியாவையும் 'கொடுஞ்சூழலைத் தாங்கும் உயிர்கள்' என்று ஒரே கடவத்தில் போட்டுவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாசி உப்பைச் சமாளிக்கிறது. மற்றதற்கு உப்பில்லாமல் வாழ்வே இல்லை.

உப்பிட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுச் சுருங்குவதுபோல, செறிந்த உப்புநீர் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். டுனாலியெல்லா உப்பை வெளியே தள்ளிவிட்டு, அதற்கு ஈடாகக் கிளிசராலைத் தயாரித்து உள்ளே நிறைத்துக்கொள்கிறது. விறைப்பான செல்சுவர் இல்லாததால், சுருங்குவதும் விரிவதும் அதற்கு எளிது. மழை விழுந்து உப்பின் செறிவு குறைந்தால், சில மணி நேரத்தில் கிளிசராலையும் குறைத்துக்கொள்ளும். சுடும் வெயிலுக்கு மறைப்பாக பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைக்கிறது. தக்க சூழலில் அது உலர் எடையில் 10 சதவீதம் வரைகூடப் போகும். ஹாலோஆர்க்கியாவின் வழி வேறு. அது பொட்டாசியம் உப்பையே செல்லுக்குள் நிரப்பிக்கொள்கிறது. அதன் புரதங்கள் உப்புக்குள் இருந்தால்தான் உருக்குலையாமல் நிற்கும். நல்ல தண்ணீரில் விட்டால் பெரும்பாலானவை வெடித்துச் சிதறிவிடும். அதற்குக் கொடுஞ்சூழல் நம் வீட்டுக் கிணறுதான்.

டுனாலியெல்லா பாத்தி நீரைவிட உப்புக் குறைந்த நீரில் இன்னும் வேகமாக வளருமே, பிறகு பாத்தியில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உப்புக் குறைந்த நீரில் அதை மேயும் சிற்றுயிர்களும் இடத்துக்குப் போட்டியிடும் பாசிகளும் ஏராளம். உப்பேறிய நீரில் அந்தத் தொல்லை குறைவு. கிளிசரால் செய்யச் செலவாகும் ஆற்றலை வேலி போடும் செலவு என்று வைத்துக்கொள்ளலாம்.

உப்பிலும் உயிர்கள் வாழுமென்றால், மீனை உப்பிட்டுக் காயவைப்பது எதற்கு என்ற கேள்வியும் வரும். மீனை அழுகவைக்கும் சாதாரண பாக்டீரியாக்களை உப்பு அடக்கிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஈரம் தங்கிய கருவாட்டில் சில நேரம் சிவப்புப் படர்ந்து, வாடை மாறுவதைப் பார்க்கிறோம். அதைச் செய்வது பெரும்பாலும் ஹாலோஆர்க்கியாதான். உப்புப் படிகத்துக்குள் சிறைப்பட்ட உப்புநீர்த் துளிகளில் அது உயிரோடு இருக்கக்கூடியது. மீனைக் காக்கப் போட்ட உப்பிலேயே ஏறி வந்துவிடுகிறது.