எல்லைப் புரோட்டாவும் அமெரிக்கக் கோதுமையும்

வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை நீளும் சாலையோரக் கடைகளில் மாலையானதும் கல்லில் வேகத் தொடங்கும் புரோட்டா, நெல் விளையும் இம்மண்ணின் தொன்மையான உணவன்று. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, அதைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் கடும் தட்டுப்பாட்டுக்கு உள்ளானது. அப்போது செங்கோட்டையும் அந்தச் சமஸ்தானத்தின் பகுதியாகவே இருந்தது; 1956-இல்தான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது.

அதே 1956-இல்தான், உபரி தானியத்தை டாலருக்குப் பதிலாக வாங்கும் நாட்டின் நாணயத்திலேயே விற்க வழிசெய்த ‘பி.எல். 480’ என்னும் 1954-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்கீழ் இந்தியா உடன்படிக்கை செய்துகொண்டது. அடுத்த பத்தாண்டுகளில் கப்பல் கப்பலாக வந்திறங்கிய கோதுமை, சோற்றையே உணவாகக் கொண்டிருந்த பகுதிகளிலும் புழங்கலாயிற்று. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி, எஞ்சிய உள்மாவை மட்டும் நைசாக அரைத்துப் பெறுவதே மைதா. அதை நீர்விட்டுப் பிசையும்போது குளூட்டன் என்னும் புரதம் வலைபோலப் பிணைந்து, எண்ணெயில் ஊறவிடும்போது தளர்ந்துகொடுப்பதால், மாஸ்டர் வீசும் மாவு எளிதில் கிழியாமல் மெல்லியதாக விரிந்து, சுருட்டித் தட்டியபின் அடுக்கடுக்காகப் பிரிகிறது. பழக்கமில்லாத ஒரு மாவை இவ்வளவு நுட்பமான பண்டமாக்கிய அந்தக் கைத்திறன், எந்தச் செவ்வியல் கலைக்கும் குறைவின்றிப் போற்றத்தக்கது.

புரோட்டாவுடன் ஊற்றப்படும் குழம்பான சால்னாவுக்கு நிறமும் காரமும் தரும் மிளகாயும், புளிப்புத் தரும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவில் பரவியவை. குற்றாலச் சாரல் காலத்தில் கேரள எல்லையோரக் கடைகளில் புரோட்டாவுடன் பரிமாறப்படும் கோழி வறுவலில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியதென்று உறுதியாகச் சொல்லத்தக்கது மிளகுதான்.