வாசற்படி தாண்டி வந்தவர்

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பகல் வேளையில் கதவைச் சாத்தி வைக்கும் வழக்கம் கிடையாது. சாத்தினால் தறிக்கு வெளிச்சம் போய்விடும். முன்கூடத்திலேயே குழித்தறி, வாசலில் நின்று பார்த்தால் நெய்கிறவரின் முதுகு தெரியும். விடிகாலையில் பாவைத் தெருவிலேயே நீட்டிக் கட்டி வேலை செய்வோம். தெரு எங்கே முடிகிறது, வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்று எங்களுக்கே தெரியாது! பால்காரர், ஜரிகை கொண்டு வருகிறவர், முகூர்த்தப் புடைவை பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள், எல்லோருக்கும் "வாங்க, வாங்க"தான். காஞ்சிபுரத்தில் இப்படி வளர்ந்த ஒருத்திக்கு "வராதீங்க" என்ற சொல் வாயில் வர எத்தனை நாளாகும்? எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

என் கணவர் 2023-ம் வருஷம் ஆடி மாதம் காலமானார். அவர் ஒருவரிடம் நாற்பதாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தார். மறு வருஷம் சித்திரைக்குள் அசலையும் பேசிய வட்டியையும் நான் கொடுத்து முடித்துவிட்டேன். கடைசித் தவணையைக் கொடுத்தபோது என் தம்பியும் கூட இருந்தான். ஆனால், அந்த மனிதர் வருவது நிற்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கணக்கு இருக்கும்மா" என்பார். திண்ணையில் உட்காருவார். தண்ணீர் கேட்பார். மெதுவாக உள்ளே வந்து பெஞ்சில் உட்காருவார். ஒரு மணி நேரம் ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை, பிறகு யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

புரட்டாசி பிறந்த சமயம், எதிர்வீட்டு அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள் சொல்லியே விட்டேன். "அண்ணே, கணக்கு எதுனா இருந்தா எழுதி என் தம்பி கிட்ட கொடுங்க. இனிமே இந்த வீட்டுக்கு நீங்க வரவேண்டாம்." அவர் சிரித்துக்கொண்டே போனார்.

பத்து நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரம். நான் கடைக்குப் போயிருந்தேன். பத்தொன்பது வயது மகள் தறியில் இருந்தாள். குழித்தறியில் உட்கார்ந்தவளுக்குக் கால்கள் இரண்டும் குழிக்குள்ளே மிதியின் மேல் இருக்கும். நினைத்தவுடன் துள்ளி எழ முடியாது. முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் இவர்! "அம்மா இல்லைங்க, நீங்க போயிடுங்க" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். "கணக்கு முடியற வரைக்கும் இங்கதான் உக்காருவேன்" என்றவர், பாதி நெய்த புடைவையின் மேல் கையை வைத்து, "இதை அறுத்து எடுத்துக்கிட்டுப் போனா கணக்குத் தீர்ந்துடும்" என்றாராம். அந்தப் பட்டும் ஜரிகையும் எங்கள் சொத்துகூட இல்லை, முதலாளி கொடுத்தது. குழந்தை போட்ட கூச்சலில் அக்கா ஓடி வந்த பிறகே அவர் வெளியே போனார்.

அதற்குப் பிறகு பகலிலும் கதவுக்குத் தாழ் போட்டோம். டியூப் லைட் வெளிச்சத்தில் நெய்தோம். கதவு தட்டினால் அவள் கையில் நாடா நின்றுவிடும். ராத்திரி தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவாள். சரியாகச் சாப்பிடவும் இல்லை. 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று ஆறுதல் சொன்னவர்கள் அநேகம். நடந்தது என்ன என்பது அந்தக் குழிக்குள் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

போலீசுக்குப் போனேன். முதலில் போன இடத்தில், "பணத் தகராறா? அது சிவில் விஷயம்மா, கோர்ட்டுல பாத்துக்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் இலவச சட்ட உதவி ஞாபகம் வந்தது. 1987-ம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போனும் செய்யலாம். எனக்குக் கிடைத்த வக்கீலம்மா, நான் சொன்ன அத்தனையையும் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். பிறர் வசத்தில் இருக்கும் இடத்தில் குற்றம் செய்யவோ, அங்கே இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணி நுழைவது அத்துமீறல் குற்றம். நல்ல விதமாக உள்ளே வந்து, பிறகு அந்த எண்ணத்தோடு போகாமல் உட்கார்ந்திருந்தாலும் அதே குற்றம்தான். 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 441-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329-வது பிரிவு. (பழக்கதோஷம், இன்னும் பலர் 'நானூத்தி நாப்பத்தெட்டு' என்றுதான் சொல்கிறார்கள்.) வெறும் இடத்தில் அத்துமீறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், குடியிருக்கும் வீடு என்றால் சிறை ஒரு வருஷம் வரை போகும். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். வீட்டுக்குள் முழு ஆளும் வரவேண்டும் என்பதுகூட இல்லை. உடம்பில் ஏதாவது ஒரு பாகம் வாசற்படியைத் தாண்டினாலே நுழைந்ததாகத்தான் கணக்கு!

"நாங்க வாடகை வீட்டுல இருக்கோமே?" என்றேன். "வீடு யாருக்குச் சொந்தம்னு சட்டம் கேக்கல. யார் வசத்துல இருக்குதுன்னுதான் கேக்குது" என்றார். அப்படியென்றால் கெட்ட எண்ணத்தோடு உள்ளே வந்தால், வீட்டுக்காரரே ஆனாலும் குற்றம்தான். ஆனால், கூடவே குடியிருக்கும் கணவன், மாமனார் தொல்லைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அதற்கு 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

"நிஜமாவே கடன் பாக்கி இருந்திருந்தா?" இதையும் கேட்டேன். கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்கலாம், நோட்டீஸ் விடலாம், வழக்குப் போடலாம். அடுத்தவர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ள கடன் பத்திரம் அனுமதிச் சீட்டு ஆகாது. ஆனால், ஒரு சிக்கல் உண்டு. போனதால் வீட்டுக்காரருக்கு எரிச்சல் வந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. தொல்லை தருவதே போனவரின் நோக்கமாக இருக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. "பணம் கேக்கத்தான் போனேன்" என்று இவர் சொல்லலாம் அல்லவா? அங்கேதான் நான் சொன்ன "வராதீங்க" உதவிக்கு வந்தது. வராதே என்று சாட்சி வைத்துச் சொன்ன பிறகு, பெண் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்து, போகச் சொல்லியும் போகாமல், புடைவையை அறுப்பேன் என்றால் நோக்கம் என்னவென்று யாருக்கும் புரியும்.

அதையே எழுத்திலும் சொல்லிவிடலாம் என்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார். (2025-ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள்.) அவர் வந்த தேதி, நேரம், பேசிய பேச்சு எல்லாவற்றையும் மளிகைக் கணக்கு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். போலீஸ் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம் என்றும் சொன்னார். அதற்குத் தேவை வரவில்லை. நோட்டீஸ் கிடைத்த ஆறாம் நாள் அவர் மறுபடி வந்து கதவைத் தள்ளினார். 100-க்குப் போன் செய்தேன். இந்தத் தடவை நோட்டு, ஒப்புகை அட்டை, அக்காவின் சாட்சி மூன்றும் இருந்ததால் வழக்குப் பதிவாயிற்று.

"பொம்பளை போலீஸ் ஸ்டேஷன் ஏறினா நாளைக்குப் பொண்ணுக்கு வரன் வருமா?" என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். அவர் உள்ளே உட்கார்ந்திருந்த நாட்களில் பேசினது இதைவிடக் கேவலம்.

தை மாதத்தில் அவர் தரப்பிலிருந்து சமாதானம் பேச வந்தார்கள். இந்தக் குற்றத்தில் ராஜியாகப் போக சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வீட்டை வசத்தில் வைத்திருப்பவர் சம்மதிக்க வேண்டும். அதாவது நான்! இனி அந்தப் பக்கமே வருவதில்லை, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். முகூர்த்த மாதம், கையில் இரண்டு புடைவை முடியாமல் நிற்கிறது, வாய்தாவுக்கு அலைய தெம்பும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மகளுக்கு அதில் சம்மதமில்லை. "நாலு மாசம் நான் தூங்கலம்மா. அவருக்கு ஒரு கையெழுத்தோட போச்சா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

2025-ல் வைகாசி கருட சேவையன்று வரதர் கோயில் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிட்டார். வீடு திரும்பியபோது கதவு விரியத் திறந்திருந்தது. நான் போட்ட தாழை அவளே எடுத்துவிட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் கோர்வைக்குக் கை கொடுக்க, இவள் நெய்துகொண்டிருந்தாள். "வெளிச்சம் பத்தலைம்மா" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.