வீட்டுக் கணினியும் நாமும்

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் பெரியோர் வாக்கு. ஏர் பிடிப்பவருக்கும் அடுப்பு மூட்டுபவருக்கும் சொல்லப்பட்ட இவ்வாக்கு, கணினியின் முன் அமர்பவருக்கும் அப்படியே பொருந்தும். இதனைச் சென்ற கோடை விடுமுறையில் ஒரு பெருந்தவறு செய்து நாங்கள் கற்றுக்கொண்டோம். அத்தவறையும், அதனால் அறிந்தவற்றையும் நம் பள்ளி ஆண்டு மலரின் வழியாக உங்கள் முன் வைக்கிறோம்.

எங்கள் வகுப்பில் நாங்கள் நால்வர். தோழியர் யாருக்காவது கைப்பேசி திடீரென நின்றுவிட்டாலும், செய்முறை ஏட்டுக்குரிய படம் அச்சாகாவிட்டாலும், வீட்டுக் கணினியில் தமிழ் எழுத்து வராவிட்டாலும் எங்களைத் தேடி வருவார்கள். 'கம்ப்யூட்டர் டாக்டர்கள்' என்ற பட்டப்பெயரும் எங்களுக்கு உண்டு. பட்டம் கிடைத்ததும் கொஞ்சம் தலைக்கனமும் கூடவே வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கணினியின் உள்ளே

1946-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்னும் கணினி உலகுக்குக் காட்டப்பட்டது. அதில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. எடை சுமார் 30 டன். பெரிய அறை முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருந்தது. அதனை இயக்கக் கற்று, கணக்குகளை அதற்கேற்றபடி அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு இளம் பெண்கள் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி அன்றோ! இன்று நம் அம்மாவின் கைப்பையில் கிடக்கும் கைப்பேசி, எனியாக்கைவிடப் பன்மடங்கு விரைவாகக் கணக்கிடுகிறது.

கணினியைப் புரிந்துகொள்ள நம் படிப்பு மேசையை நினைத்தால் போதும். மேசைமுன் அமர்ந்து வேலை செய்பவர்தான் செயலி. புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் அலமாரிதான் வன்தட்டு. இப்போது படிக்க வேண்டியதை எடுத்து விரித்து வைக்கும் மேசைப் பரப்புதான் 'ரேம்' எனப்படும் தற்காலிக நினைவகம். மின்சாரம் நின்றால் அலமாரியில் உள்ளது அப்படியே இருக்கும். மேசையில் உள்ளது துடைத்துப்போகும். பாதி எழுதிய கட்டுரையை 'சேமி' என்று கட்டளையிட்டு அலமாரிக்கு அனுப்பாவிட்டால், மின்தடையின்போது அது காணாமற்போவது இதனால்தான்.

மேசை சிறியதாக இருந்து, ஒரே நேரத்தில் இருபது புத்தகங்களை விரித்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றையும் மூடி அலமாரியில் வைத்து, மற்றொன்றை எடுத்து வரவேண்டும். "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி போகுது" என்று தோழியர் குறைப்பட்டுக்கொள்ளும்போது, பெரும்பாலும் காரணம் இதுவே. வேண்டாதவற்றை மூடிவிட்டாலே பாதி நோய் தீர்ந்துவிடும்.

அணைத்துப் போடுவது ஏன் பலிக்கிறது?

எந்தக் கோளாறுக்கும் "ஒரு முறை அணைத்துப் போடு" என்று நாங்கள் சொல்வதைக் கேட்டுப் பலர் சிரிப்பதுண்டு. ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. சில செயலிகள் வேலை முடிந்த பிறகும் மேசையில் பரப்பியதை எடுத்து வைப்பதில்லை. சில, ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். கணினியை மறுபடி தொடங்கும்போது மேசை முழுவதும் துடைக்கப்பட்டு, எல்லாம் முதலிலிருந்து ஒழுங்காகத் தொடங்குகிறது. விண்டோஸ் கணினிகள் பலவற்றில், 'ஷட் டவுன்' செய்யும்போது விரைந்து திறப்பதற்காக அமைப்பின் ஒரு பகுதி வட்டில் எழுதி வைக்கப்படுகிறது. எனவே கோளாறு தீர வேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' கொடுப்பதே முழுப் பயன் தரும்.

ஆயினும் அதே கோளாறு நாள்தோறும் வருமானால், காரணத்தைத் தேடவேண்டும். இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணினியில் கோளாறு ஏற்பட்டபோது, அங்கிருந்தோர் தேடிப் பார்த்து, உள்ளே சிக்கியிருந்த ஓர் அந்துப்பூச்சியைக் கண்டுபிடித்தனர். அதனை எடுத்துப் பணிப்பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தனர். கோளாறைப் 'பூச்சி' என்று பொருள்படும் 'பக்' என்ற சொல்லால் அழைக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. அன்று மெய்யாகவே பூச்சி கிடைத்தது! நமக்கு இதிலுள்ள பாடம் பூச்சியன்று, பதிவேடு. எப்போது, என்ன செய்தபோது கோளாறு வந்தது என்று எழுதி வைத்தால் பாதி வழி கடந்துவிட்டோம் எனலாம்.

தமிழ் ஏன் கிறுக்கலாகிறது?

ஒரு தோழியின் தந்தை பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சிட்ட குடும்பக் கடிதங்களைத் திறந்தபோது, தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தன. "வைரஸ் வந்துவிட்டது, அழித்துவிடலாம்" என்றார்கள் வீட்டில். நல்லவேளையாக அழிக்கவில்லை. அவை 'பாமினி' எழுத்துருவில் எழுதப்பட்டவை. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கும். 'அம்மா' என்று தட்டச்சிட்டால், கணினி உள்ளே பதிந்துகொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளையே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை அவ்வாறே தெரிகின்றன.

யூனிகோடு முறையிலோ ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் உண்டு. 'அ' என்றால் உலகெங்கும் 2949. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றால் அக்கடிதங்கள் மறுபடி தமிழாயின. தெரியாததை அழித்துவிடக் கூடாது என்பதை நாங்கள் அன்றே அறிந்திருந்தோம். அறிந்தும் தவறினோம் என்பதே அடுத்து வரும் செய்தி.

நாங்கள் செய்த தவறு

கோடை விடுமுறையில் எங்கள் தோழி ஒருத்தி ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தாள். அதற்கு முந்தைய ஆண்டு அவளுடைய ஆச்சி காலமாகிவிட்டார்கள். ஆச்சி சொன்ன கதைகளையும், பாடிய தாலாட்டுகளையும் அவளுடைய அத்தான் பதிவு செய்து வைத்திருந்தார். மொத்தம் 14 பதிவுகள். வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. "திறக்க மாட்டேங்குது, பாருங்கடி" என்றாள்.

பென் டிரைவைச் செருகியதும் திரையில் ஒரு வாசகம் தோன்றியது. 'இவ்வட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று கேட்டது. நாங்கள் அதை முழுதும் படிக்கவில்லை. படிக்காமலேயே புரிந்துவிட்டது போன்ற நினைப்பு. 'ஆம்' என்பதை அழுத்தினோம். சில நொடிகளில் பென் டிரைவ் திறந்தது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை.

தோழி எங்களைத் திட்டவில்லை. "ஆச்சி எங்கடி?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் நால்வரும் வாயடைத்து நின்றோம்.

கணினி ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னோம். "முதலில் அதிலிருந்து கையை எடுங்கள். இனி அதில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது" என்றார் மிஸ். பிறகு அமைதியாக விளக்கினார். நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் உள்ளது என்று ஓர் அட்டவணை இருக்கும். விரைவு ஃபார்மட் அந்த அட்டவணையைத்தான் கிழிக்கிறது. புத்தகங்கள் அடுக்கிலேயே இருக்கும். ஆனால் கணினி அவ்விடங்களைக் காலி என்று எண்ணிக்கொள்வதால், புதிதாக எதையாவது எழுதினால் அது பழையதன் மேல் பதிந்து, உண்மையிலேயே அழித்துவிடும். தொடாமல் இருப்பதே முதலுதவி.

மறுநாள் மிஸ், 'போட்டோரெக்' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு எங்களோடு அமர்ந்தார். அது அட்டவணையை நம்பாமல் வட்டு முழுவதையும் அடுக்கு அடுக்காகப் படித்து, ஒலிக்கோப்பு எவ்வாறு தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கிறது. எடுத்தவற்றை அதே பென் டிரைவில் வைக்காமல் வேறொரு வட்டில் சேர்த்தோம். 11 பதிவுகள் கிடைத்தன. மீதி மூன்று கிடைக்கவில்லை. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட கோப்புகள் இம்முறையில் முழுதாக மீள்வது அரிது என்றார் மிஸ்.

கிடைத்தவற்றுக்கும் பெயர் இல்லை. பெயர்கள் அட்டவணையோடு போய்விட்டன. தோழி ஒவ்வொன்றாகக் கேட்டு, எது எந்தக் கதை என்று குறிப்பேட்டில் எழுதினாள். நாங்கள் அருகில் இருந்தோம். போன மூன்றில் ஒன்று, ஆச்சி அவளைப் பெயர் சொல்லி அழைத்துத் தொடங்கும் கதை என்று பின்னர்தான் சொன்னாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

உதவுவோர் கைக்கொள்ள வேண்டியவை

அன்றுமுதல் நாங்கள் எங்களுக்கென்று சில நெறிகளை வகுத்துக்கொண்டோம்.

1. முதலில் கேட்க வேண்டும். "என்ன செய்தாய்? திரையில் என்ன வந்தது? கடைசியாக எதை மாற்றினாய்?" இம்மூன்று கேள்விகளுக்கும் பதில் வரும்வரை எதையும் தொடுவதில்லை.

2. திரையில் வரும் வாசகத்தை வாய்விட்டு முழுதும் படிக்க வேண்டும். 'அழி', 'ஃபார்மட்' போன்ற சொற்கள் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

3. பழுது பார்க்குமுன் படி எடுக்க வேண்டும். முக்கியமானவற்றுக்கு மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருப்பது நலம். பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்காமல், 'விலக்கு' என்று கட்டளையிட்ட பின்பே எடுக்க வேண்டும்.

4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். பலவற்றை மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

5. மவுஸ் தோழியின் கையிலேயே இருக்கட்டும். அவளே செய்தால் அடுத்த முறை அவளுக்கு நாம் தேவைப்பட மாட்டோம். அதுவே நல்ல உதவி.

6. கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது. அவள் அதைத் தட்டச்சிடும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

7. தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்ல வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரேனும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள். எந்த வங்கியும் அதைக் கேட்பதில்லை. முன்பின் தெரியாதவர் சொல்லும் செயலியைக் கைப்பேசியில் ஏற்றாதீர்கள். உங்கள் திரையை அவர் பார்க்க அது வழிசெய்யக்கூடும். போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால் அஞ்ச வேண்டாம். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்ததால், அதைக் கொண்ட வீட்டுக் கணினியில் வங்கி வேலை செய்யுமுன் விவரம் அறிந்தவரைக் கலந்துகொள்ளுங்கள். பிள்ளைகளாகிய எங்களிடம் கேட்பதையும் தாழ்வாக எண்ண வேண்டாம். அடுப்படியில் நாங்கள் உங்களிடம் கேட்பதில்லையா?

முடிவாக

அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965-ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. பின்னர் அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையை நிறுவி, பல ஆண்டுகள் அதை நடத்தினார். தாம் கற்றதைப் பிறருக்குக் கற்பிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த அவர், நம் போன்ற மாணவியருக்கு நல்ல முன்மாதிரி ஆவார்.

எங்கள் தோழி இப்போதும் எங்களிடம் வருகிறாள். ஆனால் வருமுன் படி எடுத்து வைத்துவிட்டே வருகிறாள். நாங்களும் அவள் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறோம். கணினி அறிவைப் புத்தகத்தில் பெறலாம். பிறருடைய பொருளைத் தொடுமுன் ஒரு கணம் தயங்கும் பண்பை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும். அறிவும் அன்பும் சேர்ந்து நடந்தால் எந்த வீட்டிலும் கணினி பயமுறுத்தும் பொருளாக இராது என்று கூறி, எங்கள் கட்டுரையை நிறைவு செய்கிறோம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு