கவுண்டர் என்றால் எந்தக் கவுண்டர்?

கணக்கெடுக்க வந்தவர் சாதியைக் கேட்கிறார். "கவுண்டருங்க" என்று பதில் வருகிறது. குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். சிக்கல் தொடங்குவது அந்தத் தாளைக் கணினியில் ஏற்றும்போதுதான்.

ஈரோட்டில் அப்படிச் சொன்னவர் கொங்கு வேளாளராக இருக்கலாம். மாநிலப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர். தருமபுரியில் சொன்னவர் வன்னியராக இருக்கலாம், மிகவும் பிற்படுத்தப்பட்டோர். வேட்டுவக் கவுண்டர், குரும்பக் கவுண்டர் என்று இன்னும் உண்டு. வன்னியருக்கே சில ஊர்களில் படையாட்சி, சில ஊர்களில் நாயக்கர் என்று பட்டம். நாயக்கர் என்று எழுதினாலோ, தெலுங்கு பேசும் கம்பளத்தாரும் அங்கே வந்து நிற்பார்கள். பட்டம், சாதி, அரசுப் பட்டியல் மூன்றும் வேறு வேறு. கேள்வித்தாளில் இருப்பது ஒரே கட்டம்.

தேசிய ஆய்வுகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒன்றியப் பட்டியலில் கொங்கு வேளாளரும் வன்னியரும் ஓபிசிதான். 1989-ல் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தனியாகப் பிரித்ததை அந்த மூன்றெழுத்து மறுபடி ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

சரி, மக்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினால்? 2011-ல் தொடங்கிய சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் குவிந்தன. 1931 கணக்கெடுப்பில் இருந்தவை 4,147. இதை 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது ஒன்றிய அரசே. சாதி ஒன்றும் ஆயிரம் மடங்கு குட்டி போட்டுவிடவில்லை. உட்பிரிவு, கோத்திரம், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனிச் சாதியாக ஏறியிருந்தன. என்னைக் கேட்டால், அப்படி எழுதியதில் தவறில்லை. எழுதிய பிறகு பிரித்து அடுக்க ஆயத்தமில்லாமல் போனதுதான் தவறு.

பெயரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1901-ல் கணக்கெடுப்பு ஆணையர் ரிஸ்லி சாதிகளை மேல், கீழ் என்று வரிசைப்படுத்தப் போக, பெயரை மாற்றச் சொல்லி மனுக்கள் குவிந்தன. சென்னை மாகாணத்தில் 1921 கணக்கிலிருந்து சாணார் 'நாடார்' ஆனார்கள். விவரம் தெரியாமல் 1911-ஐயும் 1921-ஐயும் ஒப்பிடுகிற மாணவர், ஒரு பெரிய சமூகமே பத்தாண்டில் காணாமல் போனதாக முடிவு கட்டலாம்.

இப்போதும் அதே கதைதான். குடும்பர், காலாடி, பண்ணாடி, கடையர் உள்ளிட்ட ஏழு பெயர்களை 2021-ல் நாடாளுமன்றச் சட்டம் 'தேவேந்திரகுல வேளாளர்' என்று ஒன்றாக்கியது. அதில் கடையருக்கு மட்டும் ஒரு விலக்கு: நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை உள்ளிட்ட மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளில் அவர்கள் இந்தப் பெயருக்குள் சேரமாட்டார்கள். அங்கே சாதியோடு ஊர் எது, கடல் எவ்வளவு தூரம் என்றும் கேட்டாக வேண்டும்.