ஏரிக் கரையும் நீரின் அழுத்தமும்

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளால் வாழும் சீமை. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தெற்கே சென்றால் கொளவாய் ஏரி. அதற்கும் அப்பால் மதுராந்தகம் ஏரி. இடையிடையே சிற்றூர்களுக்குரிய ஏரிகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இவை நிரம்புங்கால் பயிரிடுவோர் உள்ளம் குளிர்கிறது. கரை தாங்குமோ என்ற கவலையும் உடன் எழுகிறது. மதுராந்தகத்தில் கோயில் கொண்ட பெருமானுக்கு ‘ஏரி காத்த இராமர்’ என்று பெயர் வழங்குவதே அக்கவலை எத்துணைப் பழமையானது என்பதைக் காட்டும். கரையைக் காக்க முனைவோர், அசையாது நிற்கும் நீர் எவ்வாறு அழுத்துகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு கன அடி நீரின் எடை ஏறக்குறைய 28.3 கிலோ. ஆகவே பத்தடி ஆழத்தில், ஒரு சதுர அடிப் பரப்பின்மீது 283 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் உண்டு. இவ்வழுத்தம் கீழ்நோக்கி மட்டும் இயங்குவதன்று. பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் அதே அளவில் இயங்கும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இவ்வியல்பைத் தெளிவுபடுத்தினார்.

ஏரி பெரிதானால் கரையின்மேல் அழுத்தமும் பெரிதாகும் என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இரு நீர்நிலைகளை ஒப்பிடுவோம். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு ஆழம் 24 அடி. பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. முழு ஆழம் 35 அடி. முன்னதன் அடியில் சதுர அடிக்குச் சுமார் 680 கிலோ அழுத்தம். பின்னதன் அடியிலோ சுமார் 990 கிலோ. நீர் குறைவு, அழுத்தம் மிகுதி! அழுத்தத்தை நிர்ணயிப்பது ஆழமேயன்றிப் பரப்பன்று. சாயப்பட்டறை வைத்திருக்கும் நெசவாளர் தொட்டியைப் பெரிதாக்குவதால் குழாயில் நீர் வேகமாக வாராது. தொட்டியை உயர்த்தினால்தான் வரும்.

மற்றொன்றும் கருதற்பாலது. ஆழம் இரு மடங்கானால், கரையைப் பக்கவாட்டில் தள்ளும் மொத்த விசை நான்கு மடங்காகிறது. கரையின் அடி அகன்றும் முடி குறுகியும் இருப்பதற்கு இது முக்கியமான காரணம். கலங்கலின்மேல் பலகையோ மண்மூட்டையோ வைத்து, ‘ஓரடிதானே’ என்று நீரை உயர்த்துவோர் இதை நினைவிற் கொள்க. கரையின் அடியில் மண் வெட்டி எடுப்போர், அழுத்தம் மிகுந்த இடத்திலேயே வலிமையைக் குறைக்கின்றனர்.

நீர் நிரம்பிய நாளில் கரையின் உச்சியை மட்டும் பார்த்தல் போதாது. வெளிப்புறத்து அடிவாரத்தையும் மதகின் இருமருங்கையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். நண்டு வளை, எலி வளை வழியே புகுந்த நீர் அங்கேதான் வெளிப்படும். கசியும் நீர் தெளிந்திருந்தால் கண்காணித்து வரலாம். கலங்கியிருந்தால் கரையின் மண் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது என்று பொருள். உடனே நீர்வளத் துறையினருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

அத்தகைய ஊற்றின் வாயை வெளியிலிருந்து அடைத்தால் நீர் வேறு வழி தேடும். மாறாக, ஊற்றைச் சுற்றிக் கிணற்றுக் கட்டுப்போல் மணல் மூட்டைகளை அடுக்கினால், உள்ளே தேங்கும் நீர் உயர்ந்து எதிரழுத்தம் தரும். ஏரியின் நீர்மட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு குறையக் குறைய ஓட்டம் தணிந்து, மண் அரிப்பு நிற்கும். நீரின் அழுத்தத்தை நீரைக் கொண்டே அடக்கும் முறை இது.

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. ஏரியைக் காப்பது தனியொருவரால் இயலாது என்பதை அவ்வூரார் அன்றே உணர்ந்திருந்தனர். நம் சங்கங்களும் மழைக்கு முன்னரே கரைக் காவலுக்கு முறை வகுத்து, மணலும் சாக்குகளும் சேர்த்து வைத்தல் நன்று.